திருவருட்பாவும் தருமச்சாலையும்

திருவாலங்காட்டிற்குச் சென்று வழிபடும் அன்பர்கள், ஆங்கே கூத்தப்பெருமான் சந்நிதியில் காரைக்காலம்மையாரைப் பேயுருவிலே கண்டு பணிவர். அவ்வுருவும் மூத்த திருப்பதிகமும் நெஞ்சில் நிற்குமளவிற்கு அம்மையார் வரலாற்றின் தொடக்கம் நிற்பதில்லை. அது பாட்டில் தொடங்கிற்றன்று; அடுக்களையில் தொடங்கிற்று. பசித்து வந்த சிவனடியார் ஒருவர்க்கு, கறியமுது ஆகாத வேளையில், கணவன் அனுப்பி வைத்த மாங்கனி இரண்டனுள் ஒன்றைச் சோற்றோடு படைத்த அச்செயலே பின் விளைந்த யாவற்றுக்கும் வித்தாயிற்று. சேக்கிழார் சுவாமிகள் ஊட்டிய கையை முன்னும் பாடிய நாவைப் பின்னுமாக வைத்துக் கூறிய முறைமை உற்று நோக்கத்தக்கது.

இதனினும் வெளிப்படையானது திருவீழிமிழலைச் செய்தி. நாட்டிலே மழை பொய்த்துப் பஞ்சம் பரந்தபோது, அப்பரும் சம்பந்தரும் அவ்வூரில் திருமடம் அமைத்து அடியார்க்கு அமுதளித்தனர். நாடோறும் இறைவன் படிக்காசு நல்கினான். அப்பர் பெற்ற காசு வாசியில்லாதது. சம்பந்தர் பெற்றது வாசியுடையது. காசு மாற்றுதற்கு ஆட்கள் கடைவீதியில் காத்து நிற்க, பிள்ளையார் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. காரணம் வினவி அறிந்த பிள்ளையார், காசின் வாசி தீருமாறு வேண்டிப் பதிகம் பாடினர். அப்பதிகம் ஓதும் அன்பருட் பலர் அதன் இசைநயத்தை வியப்பர். அது பிறந்ததோ பந்தியில் அமர்ந்த அடியார்க்கு இலை நேரத்தோடு விழவேண்டுமென்னும் கவலையில். கையில் உழவாரமும் நாவில் தாண்டகமுமாக நடந்த அப்பரடிகளைப் பற்றித் தனியே கூறவும் வேண்டுமோ! பாட்டும் பணியும் இருவேறு தொழில் என்னும் எண்ணம் சைவ மரபிற்கு அயலானது.

பிற நாட்டாரிடத்தும் இம்மரபு இல்லாமற் போகவில்லை. பஞ்சாபில் பாடகராய் விளங்கிய குரு நானக்கர் கர்த்தார்பூரில் தம் அடியார் கூட்டத்தை நிறுவியபோது, பாடுமிடத்தையும் பலரும் உடனிருந்து உண்ணுமிடத்தையும் ஒருங்கே அமைத்தனர். அதுவே பின்னர்ச் சீக்கியர்தம் லங்கர் என வளர்ந்தது.

தமிழகத்தில் அண்மைக் காலத்தே இம்மரபைத் தம் வாழ்நாள் முழுதும் நடத்திக் காட்டினவர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப்படும் இராமலிங்க சுவாமிகள். அவர் பிறந்தது தில்லையை அடுத்த மருதூர். ஆண்டு 1823, அக்டோபர் 5. தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கும் பள்ளியும் பார்த்தவர். தாயார் சின்னம்மையார் பிறந்த ஊரோ பொன்னேரியை அடுத்த சின்னகாவணம். இராமலிங்கர் கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தையார் இறந்துபட, அம்மையார் மக்கள் ஐவரையும் உடன்கொண்டு தம் பிறந்தகம் சேர்ந்தனர். சிறிது காலங்கழித்துச் சென்னபட்டணம் புகுந்தனர். ஆகவே, கைம்பெண்ணாய் வந்த தாயொருத்திக்கும் தந்தையை இழந்த மக்கட்கும் சோறிட்ட ஊர் சின்னகாவணமாம். சுவாமிகள் வரலாறு எழுதுவோர் மருதூரையும் வடலூரையும் விரித்துரைத்து, இவ்வூரை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர்.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் தலங்கள் பலவும் அவர் பாடல் பெற்றுள்ளன. திருத்தணிகைப் பெருமானை அவர் பாடிய பதிகங்கள் மிகப் பல. திருமுல்லைவாயில் பாடப்பெற்றது. எவ்வுள் எனப்படும் திருவள்ளூரில் பள்ளிகொண்ட வீரராகவப் பெருமாளுக்கும் ஒரு பஞ்சகம் உண்டு. திருவொற்றியூர்க்கோ, ஏழுகிணற்றுப் பகுதியிலிருந்த தம் இல்லினின்றும் ஆண்டுகள் பல இடையறாது நடந்து சென்று வழிபட்டனர்.

அந்நடைவழியைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1832, 1833ஆம் ஆண்டுகளில், நந்தன வருடப் பஞ்சமென்று முதியோர் சொல்லி வந்த குண்டூர்ப் பஞ்சம் நேர்ந்தது. வடக்கே மக்கள் எண்ணிறந்தோர் மாண்டனர். எஞ்சியோர் கூட்டங்கூட்டமாகச் சென்னையை நோக்கி வந்தனர். அவர்கள் வந்த வடபெருவழி கும்மிடிப்பூண்டியைக் கடந்து வருவது. அப்போது இராமலிங்கர்க்கு அகவை ஒன்பது, பத்து. பட்டணத்தின் வடபால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், ஏழைகட்குக் கஞ்சி வார்க்கவென்று ஓரிடம் அமைந்தது. அதுவே மணியக்காரர் சத்திரம். அதனை ஒட்டிப் பின்னெழுந்த மருத்துவசாலையை (இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை) பட்டணத்து மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்றே வழங்கினர். ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூர்க்குச் செல்வோர்க்கு அஃது அணித்தேயுள்ள இடம். தொட்டியின் முன் கலத்தோடு நிற்கும் மக்களைக் காணாது அவ்வழியே ஒருவர் பன்னாள் நடந்திருத்தல் அரிது.

பாடும் ஆற்றல் இளமையிலேயே அவர்க்குக் கைவந்தது. தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவால் குடும்பம் காத்தவர். அவர்க்கு உடல்நலம் இல்லாத ஒருநாள், இளையவர் சென்று பெரியபுராணம் விரித்துரைத்து அவையோரை வியப்பித்தார் என்பர். கந்தகோட்டத்துப் பெருமானைப் பாடிய தெய்வமணிமாலை இளமைக் காலத்தது. எனினும் தம் பாடல்கள் அச்சேறுவதில் அவர்க்கு விருப்பமில்லை. அன்பர் பலர் வேண்டியும் இசைந்திலர். இறுதியில் அவரை இசைவித்தது புகழுரையன்று, ஒருவர் பசியாம். சென்னை அன்பராகிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்துசேருங்காறும் நாளைக்கு ஒருவேளையே உண்பதென்று நோன்பு பூண்டனர். 1860ஆம் ஆண்டளவில் அச்செய்தி கருங்குழியிலிருந்த சுவாமிகட்கு எட்டிற்று. அது கேட்டு நெஞ்சு நொந்து, வழக்கம்போல் உணவு கொள்ளுமாறு வேண்டியும், பாடல்களை அனுப்ப இசைந்தும் அவர் கடிதம் எழுதினர். ஒருவன் பட்டினி கிடத்தலைப் பொறாமையால் வெளிவந்த நூல் திருவருட்பா என்பதனை, அதன் பெயரைப் பற்றி வழக்காடிய இருசாராரும் மறந்தனர் போலும்.

1858ஆம் ஆண்டளவில் சென்னையை நீங்கிய சுவாமிகள் தில்லையைத் தரிசித்துக் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினர். 1865ஆம் ஆண்டில் சமரச வேத சன்மார்க்க சங்கம் கண்டனர். அடுத்த ஆண்டு ஒரிசா நாட்டில் கொடும்பஞ்சம். சென்னை மாகாணத்தின் வடபகுதியும் அதனால் வருந்திற்று. 1867ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பாகத் திருவருட்பாவின் முதல் நான்கு பகுதிகள் வெளிவந்தன. அதே 1867ஆம் ஆண்டு, மே மாதம் 23ஆம் நாள், பிரபவ வருடம் வைகாசி 11இல், வடலூரில் தருமச்சாலை தொடங்கிற்று. நூலும் அடுப்பும் ஒரே ஆண்டில் பிறந்த இரட்டை மக்கள். ஆராய்ச்சியாளர் ஒன்றைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றைப் பேசாது விடுதல் பெரியதொரு குறையாம்.

தருமச்சாலை யாங்ஙனம் எழுந்தது என்பது கருதத்தக்கது. வேந்தர் மானியமோ, பெருஞ்செல்வர் கட்டளையோ அதற்கு அடியன்று. வடலூராகிய பார்வதிபுரத்து ஊரார் பலர் தத்தம் நிலத்தை விட்டுக்கொடுத்து 80 காணி அளவு வெளியைச் சுவாமிகளிடம் ஒப்புவித்தனர். பெரும்பாலும் உழுதுண்ணும் குடிகள் அவர்கள். அவர்களைக் கூட்டுவித்தவர் படையும் பொருளும் இல்லாத ஒரு புலவர்; அவர் கையிலிருந்தது சொல் ஒன்றே. அச்சொல்லைச் செய்யுளோடு நிறுத்திக்கொள்ளாது உரைநடையிலும் செலுத்தினர். தொடக்க விழாவில் விரித்துரைக்கப்பட்ட ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூல், மருத்துவ நூலார் நோய்க்குறி கூறுமாறு போலப் பசியின் குறிகளை ஒவ்வொன்றாய் எடுத்து மொழிவது. அறிவு மயங்குவதும் பொறிகள் சோர்வதும் முகம் வாடுவதும் கூறி, உண்டபின் அவை மீளுமாற்றையும் கூறும். பசித்தவனிடத்து ஊரும் குலமும் சமயமும் ஒழுக்கமும் வினவலாகாது என்பது அந்நூலின் துணிபு. கற்றார் பலர் செய்யுளையே பெரிதும் போற்றிய அக்காலத்தே, அதனை உழவரும் கேட்டு உணரும் நடையில் எழுதியது தனிச்சிறப்பு.

அட்டு ஊட்டுதல் வாயாற் சொல்லுமளவிற்கு எளிதன்று. நாளும் அரிசி வேண்டும். பருப்பு, உப்பு, விறகு வேண்டும். நீரிறைக்க ஆள் வேண்டும். வருவோர் தொகை முன்னே தெரியாது. சுவாமிகளின் கடிதங்களைப் பயில்வார்க்கு அவர் அன்பர்களின் உடல்நலம் வினவுதலும், குடும்பத் துயர்க்கு ஆறுதல் மொழிதலும், செய்ய வேண்டுவன சொல்லிப் பணித்தலும் விளங்கும். ஒருகால் சாலையில் அரிசி தீர்ந்து மறுநாளைக்கு வழியின்றி மேற்பார்ப்போர் கலங்கியதாகவும், விடிவதற்குள் வண்டிகளிற் பண்டம் வந்து சேர்ந்ததாகவும் வரலாறு வழங்கும். அதனை அற்புதமென்று கொள்வார் கொள்க. வண்டி பூட்டி இரவெல்லாம் ஓட்டி வந்தவர் எவரோ அவரும் போற்றத்தக்கவரே.

அவர் பாடலின் உருவமும் இதனோடு இயைந்தது. விருத்தமும் வெண்பாவும் வல்ல அவர், சண்முகர் கொம்மி போல்வனவும் கீர்த்தனைகளும் நாமாவளிகளும் இயற்றினர். என்னை? கொம்மியைத் தனியொருவர் பாடல் இயலாது. அது பலர் வட்டமாய் நின்று கைகொட்டிப் பாடுதற்குரியது. ஏடறியா மகளிரும் சிறாரும் கூடியிருந்து பாடுதற்கென்றே அவை ஆக்கப்பட்டன. திருக்குறளை ஊரார்க்குப் பாடஞ்சொல்ல ஏற்பாடு செய்தனர். மும்மொழிப் பாடசாலையும் திங்களிதழும் எண்ணினர். சத்திய ஞான சபையை எண்கோண வடிவில் தாமே வரைந்து அமைத்து, 1872ஆம் ஆண்டு ஜனவரி 25, தைப்பூச நாளில் வழிபாடு தொடங்குவித்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் 1596 அடிகளையுடைய அருட்பெருஞ்சோதி அகவல் முற்றிற்று. இவ்வளவிற்கும் இடையே தாம் உண்டது மிகச் சிறிது. மாணாக்கராகிய வேலாயுத முதலியார் 1882இல் தியாசபிஸ்ட் இதழில் வெளியான வாக்குமூலத்தில், தம் ஆசிரியர் எலும்புக்கூடெனத்தக்க மெலிந்த மேனியர், ஆயினும் நிமிர்ந்து விரைந்து நடப்பவர் என்று குறித்துள்ளார்.

இனி, சைவர்தம் நெஞ்சில் நெடுநாள் ஆறாதிருந்த புண்ணைப் பற்றிக் கூறாது விடுதல் நேர்மையன்று. சுவாமிகளின் பாடல்களுக்கு அருட்பா என்னும் பெயரும், அதன் பகுதிகளுக்குத் திருமுறை என்னும் பெயரும் இடப்பட்டமை யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கட்குப் பொறுக்கவில்லை. பன்னிரு திருமுறையோடு ஒப்பவைக்கும் துணிவு இதுவென்று கருதி, 1869ஆம் ஆண்டில் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. தில்லையில் நடந்த கூட்டமொன்றை ஒட்டி அவ்வாண்டே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நிகழ்ந்தது. இருவரும் மறைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளையவர்கள் மறுப்பாரும், மறைமலையடிகள் உடன்படுவாருமாக அது மீண்டும் மூண்டது. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர் அருட்பாவிற்காக மேடையேறினார். சைவர் சைவரை ஏசிய அவையில் பிறசமயத்தார் ஒருவர் அருட்பாவின் பக்கம் நின்று பேசியது எண்ணுந்தோறும் நாணந்தருவது.

நாவலர் தரப்பில் நியாயமில்லையென்பது பொருந்தாது. திருமுறை என்னும் பெயர்க்கு மரபில் ஒரு வரம்பு உண்டு. அதனைப் பதிப்பித்தார் கருதியிருக்கலாம். 1885இல் வெளிவந்த ஆறாம் பகுதியிலுள்ள கொள்கைகள் பல, மெய்கண்ட நூல்களோடு ஒத்துச் செல்வன அல்ல. சாதி, சமயம், சாத்திரம் யாவற்றையும் விடச்சொல்லும் அவ்விடங்களை மெய்கண்டார் வழியிற் பொருத்திக் காட்ட முயல்வோர் இரண்டிற்கும் தீங்கிழைப்பவராவர். ஆயினும் நூலை நிறுத்த துலாக்கோலில் ஒரு தட்டு வெறிதாய் இருந்தது. அடுப்பை எவரும் அதில் வைத்து நிறுத்திலர்.

அதனை நிறுத்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் நாவலரே. 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சுவாமிகள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத் திருமாளிகையில் அறைக்குட் புகுந்தனர். அதன்பின் ஈராண்டு கழிந்து 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டிற்று. யாழ்ப்பாணத்திலும் மழை பிழைத்து, பஞ்சத்தோடு கொள்ளைநோயும் பரந்தது. அரசாங்கத்தார் போதிய உதவி செய்யாமை கண்டு, 1877இல் நாவலரவர்கள் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்தனர். வணிகரிடத்தும் செட்டிமாரிடத்தும் சென்று பொருள் திரட்டினர். அதிகாரிகளின் கடமைத் தவறுதலை அச்சிட்டுக் கடிந்தனர். பிரசங்கமேடையில் பிறரை நடுங்குவித்த அந்நா ஏழைகட்கு அரிசி இரந்தது. தமிழ் உரைநடையின் தந்தையென்று போற்றப்படுபவரும், பாட்டிற்கு அருட்பாவென்று பெயர் பெற்றவரும், நூலில் மாறுபட்டுக் கஞ்சியில் ஒன்றுபட்டனர். பத்தாண்டு இடையிட்டு மூட்டிய அவ்விரண்டு அடுப்பிற்கும் நெருப்பு ஒன்றே. இருவர் மாணாக்கரும் அதனை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதே பஞ்சத்தில் அரசாங்கம் அறஞ்செய்த முறையையும் ஒப்புநோக்கல் தகும். சர் ரிச்சர்டு டெம்பில் என்பார் 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதுமென்று விதித்தார். அவ்வளவு உணவில் உடல் உழைக்காதென்று சென்னைச் சுகாதார அதிகாரி கார்னிஷ் எடுத்துரைத்து வாதாடினார். சில திங்களில் விதி தளர்ந்தது. எண்ணூர், பழவேற்காடு வழியாக வடக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட பகுதி அப்பஞ்சக் கூலியால் வெட்டப்பட்டது. மண்சுமந்தார்க்குக் கஞ்சி என்பது அரசின் நெறி. சுமக்க இயலாமற் கிடப்பவனுக்கே முதலிலை என்பது தருமச்சாலையின் நெறி.

சுவாமிகள் எண்ணியவெல்லாம் நிறைவேறிற்று என்று எழுதுதல் பொய்யாகும். பாடசாலை நிலைபெறவில்லை. திங்களிதழ் எண்ணமளவில் நின்றது. ஞானசபையை ஒழுங்கு பிழைத்தமை பற்றித் தம் காலத்திலேயே அடைப்பித்தனர். தம்மைச் சூழ்ந்தோர் தம் கருத்தைக் கொண்டிலர் என்னும் வருத்தம் இறுதி நாட்களில் அவரிடம் இருந்தது. நின்றது அடுப்பு ஒன்றே. 1867இல் மூட்டிய நெருப்பு இன்றும் அணையாமற் காக்கப்பட்டு வருகின்றது. 2021இல் தமிழக அரசு அவர் பிறந்தநாளைத் தனிப்பெருங்கருணை நாளென அறிவித்தது. 2024இல் அவ்வரசே பெருவெளியில் பன்னாட்டு மையம் எழுப்பக் கால்கொண்டபோது, தம் முன்னோர் கொடுத்த வெளி வெளியாகவே இருத்தல் வேண்டுமென்று பார்வதிபுரத்தார் எதிர்த்து நின்றனர்; செய்தி நீதிமன்றம் புகுந்தது. நிலத்தை ஈந்த குடிகளின் வழியினர் ஒன்றரை நூற்றாண்டிற்குப் பின்னும் தம்மை அவ்வறத்திற் பங்காளிகளாய் எண்ணுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

சின்னகாவணத்தைச் சூழ்ந்த நாடு இப்போது பெரிதும் மாறிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை, கடற்கரையோரம் அனல்மின் நிலையங்கள், வயலிடையே புகைபோக்கிகள். இலங்கைப் போரில் வீடிழந்து வந்த தமிழர்க்கென 1990இல் கும்மிடிப்பூண்டியில் முகாம் அமைந்தது. அவருள் நாவலர் பிறந்த யாழ்ப்பாண நாட்டாரும் உளர். ஆலைகளில் உழைக்க ஒரிசா, பீகார் முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அவ்வடபெருவழியாகவே வருகின்றனர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பற்றி ஊரடங்கு விதிக்கப்பட்டபோது ஆலைகள் அடைபட்டன, வண்டிகள் நின்றன. தொழிலாளர் பலர் குழந்தைகளைத் தோளிற் சுமந்துகொண்டு வடக்கு நோக்கி நடந்தனர். நந்தன வருடத்தில் மக்கள் தெற்கே நடந்து வந்த வழி அது. அவ்வெயிலில் வழியோரத்து ஊரார் சிலர் அண்டாவில் சோறு சமைத்து வைத்துக்கொண்டு, மொழியறியாத அவர்களைக் கையசைத்து அழைத்து உண்பித்தனர்.